எஸ்ஏடி மதிப்பெண் இல்லாமல் விண்ணப்பிக்க

எஸ்ஏடி என்பது அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வு. அந்த மதிப்பெண் இல்லாமல் விண்ணப்பிப்பதானால், முதலில் கல்லூரிப் பட்டியலைச் சலியுங்கள். எம்ஐடி, ஹார்வர்ட், டார்ட்மத் ஆகியவை மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டன, அவற்றை அடித்துவிடுங்கள். போடின் கல்லூரி 1969 முதலே அதை மாணவர் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ, அனுப்பினாலும் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை.

என் மகள் அங்கேதான் விண்ணப்பித்தாள். எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் பதில் எழுத வேண்டும். 'தலைமைப் பண்பு' என்று உரை நிகழ்த்தினால் எடுபடாது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மருந்துச் சீட்டைப் படித்து, மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்ததை எழுதச் சொன்னேன்.

பல கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பப் படிவத்தில் மதிப்பெண் தெரிவிக்க விருப்பமா என்று கேட்கும் இடத்தில் 'இல்லை' என்று குறியுங்கள். சாக்குப்போக்கு எழுத வேண்டாம், யாரும் கேட்கவில்லை. ஆனால் டோஃபல், ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் திறன் தேர்வுகள் வேறு கணக்கு. அவற்றுக்கு விலக்கு உண்டா என்று ஒவ்வொரு கல்லூரியிலும் தனியாக விசாரியுங்கள்.