மேசை நடுவே பூச்சாடி: பூக்கள் சாயாமல் நிற்க

முதல் மூன்று முறையும் எனக்கு ஒரே அனுபவம்தான். பூக்களைச் செருகி முடித்ததும் எல்லாம் விளிம்புப் பக்கம் சாய்ந்து, நடுவில் பள்ளம் விழும். மேலும் பத்துப் பூக்களைச் சேர்த்தும் பள்ளம் நிறையவில்லை. சாடியின் வாயில் காம்புகளுக்குப் பிடிமானம் இல்லாததே காரணம் என்று பிறகுதான் புரிந்தது.

தேவையானவை: 10 முதல் 12 செ.மீ. உயரமுள்ள வாயகன்ற சாடி, பெரிய பூக்கள் 5, சிறிய பூக்கள் ஒரு கொத்து, இலைக்கிளைகள் 6 அல்லது 7, மெல்லிய செலோ டேப், கூரான செடிக்கத்தரி. காகிதம் வெட்டும் கத்தரிக்கோல் வேண்டாம். அது காம்பை நசுக்கும்.

காம்புகளைச் சாய்வாக வெட்டி, இரண்டு மூன்று மணி நேரம் நிழலில் ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்துங்கள். சாடியில் நீருக்குள் மூழ்கப்போகும் இலைகளை உருவிவிடுங்கள். அவை அழுகினால் பாக்டீரியா பெருகி, காம்பு நீர் உறிஞ்சும் வழியை அடைத்துவிடும்.

இனி காம்புகளுக்குப் பிடிமானம் தரும் டேப் கட்டம். இங்கே அவசரப்படாதீர்கள். சாடி காலியாக இருக்கும்போதே விளிம்பை உலரத் துடையுங்கள். நான் நீரை ஊற்றிவிட்டு ஈர விளிம்பில் ஒட்டினேன்; பாதி வேலையில் பூக்களின் கனம் தாங்காமல் மொத்தமும் பிரிந்து உள்ளே விழுந்தது. வாயின் மேல் நெடுக்கும் குறுக்குமாக ஒட்டி, சுமார் 2.5 செ.மீ. கட்டங்கள் வரச் செய்யுங்கள். டேப்பின் நுனிகள் வெளிப்பக்கம் 1 செ.மீ. இறங்கினால் போதும். அந்த நுனிகளின் மேல் விளிம்பைச் சுற்றி ஒரு சுற்று ஒட்டினால் பிரியவே பிரியாது. அதன் பிறகு கட்டத்தின் வழியே நீரை ஊற்றுங்கள்.

காம்புகளைச் செருகி நிறுத்தப் பலர் வைக்கும் பச்சை நிற நுரைக்கட்டியை நான் பயன்படுத்துவதில்லை. அது பிளாஸ்டிக், மக்காது, துகள்களாக உதிரும். காம்பைப் பிடுங்கி அதே துளையில் மறுபடி செருகினால் இறுக்கமாக நிற்கவும் நிற்காது. கற்றுக்கொள்பவர் பலமுறை பிடுங்கத்தானே செய்வார்? தட்டையான பாத்திரம் என்றால் காம்புகளைக் குத்தி நிறுத்தும் கென்ஸான் என்னும் ஜப்பானிய முள்தட்டு அருமையானது.

முதலில் இலைகள். வலப்பக்கக் கட்டத்தில் நுழையும் காம்பின் அடி இடப்பக்கச் சுவரைத் தொடட்டும். இப்படி நீருக்குள் காம்புகள் பின்னிக்கொண்டு ஒன்றையொன்று தாங்கும். பிறகு பெரிய பூக்கள், வெவ்வேறு உயரங்களில். மிக உயரமானது நட்டநடுவிலிருந்து சற்று விலகி நின்றால் அழகு. ஒவ்வொரு பூவுக்கும் சாடியைக் கால்வட்டம் திருப்புங்கள். மேசை நடுவில் இருப்பதை எல்லாப் பக்கமிருந்தும் பார்ப்பார்கள். இடைவெளிகளில் சிறிய பூக்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். எதிரே இருப்பவரின் முகம் மறைந்தால் உயரத்தைக் குறையுங்கள். சாடியோடு சேர்த்து 30 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

பின்சேர்க்கை: கார்னேஷன் ஏன் சீக்கிரம் வாடுகிறது என்று சிலர் கேட்டார்கள். பக்கத்தில் பழக்கூடை இருக்கிறதா பாருங்கள். பழுக்கும் பழங்கள் விடும் எத்திலீன் வாயு அதற்கு ஆகாது. டாஃபடில் காம்பின் பால் மற்ற பூக்களைக் கெடுக்கும். சில மணி நேரம் தனி நீரில் வைத்து, மறுபடி வெட்டாமல் சேருங்கள். பூனை வளர்ப்பவர்கள் லில்லியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். மகரந்தமும் சாடி நீரும்கூடப் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்.

நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கட்டத்தைப் பிரிக்க வேண்டாம். சாடியைக் குழாயடியில் வைத்து, பழைய நீர் வழிந்து தெளியும்வரை விட்டால் போதும்.