சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்திருக்கிறீர்களா? பேசும் முன், பகிரும் முன்

பேச்சுரிமை சிங்கப்பூர் அரசமைப்பின் 14ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அது குடிமக்களுக்கு மட்டுமே. (இந்தியாவின் 19ஆம் பிரிவும் அப்படித்தான், ஊரில் நாமே குடிமக்கள் என்பதால் அது கண்ணில் படுவதில்லை.) ஒர்க் பர்மிட்டோ எஸ் பாஸோ, எந்த வேலை அனுமதியில் வந்திருந்தாலும் அந்த உரிமை உங்களுக்கு இல்லை.

பொது இடத்தில் ஒரு விஷயத்துக்கு ஆதரவோ எதிர்ப்போ காட்ட போலீஸ் பர்மிட் வேண்டும். ஒற்றை ஆள் அட்டையோடு நின்றாலும் சட்டப்படி அது கூட்டம்தான். 2019 டிசம்பரில், இந்தியக் குடியுரிமைத் திருத்தத்தை எதிர்த்து மரினா பே பகுதியில் அட்டையோடு நின்ற இந்தியர் ஒருவரை போலீஸ் விசாரித்தது. ‘நம்ம ஊர் அரசியல்தானே, இவங்களுக்கு என்ன’ என்ற கணக்கு இங்கே செல்லாது. பர்மிட் இல்லாத கூட்டத்தில் கலந்துகொண்டால் முதல் முறைக்கு 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையும், ஏற்பாடு செய்தால் 5,000 வெள்ளி வரையும் அபராதம்.

ஹாங் லிம் பூங்காவின் ஸ்பீக்கர்ஸ் கார்னரில் குடிமக்கள் பதிவு செய்துகொண்டு பர்மிட் இல்லாமல் பேசலாம். நிரந்தரவாசிகள் போய்க் கலந்துகொள்ளலாம். பாஸில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. நண்பர் கூப்பிட்டார், ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன் என்பதைக்கூடக் கலந்துகொண்டதாக எடுத்துக்கொள்ளலாம். கூட்டம் நடக்கும் நாளில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அதிகம் பேர் மாட்டுவது கைப்பேசியில்தான். இனம், மதம் இரண்டிலும் இங்கே துளியும் சலுகை கிடையாது. 2017இல் பிற மதத்தவருக்கு எதிரான வரிகளைத் தொழுகையில் சொன்ன இந்திய இமாம் மன்னிப்புக் கேட்டார். பிற மதத் தலைவர்களும் மன்னித்தார்கள். அப்படியும் 4,000 வெள்ளி அபராதம் கட்டி ஊர் திரும்ப வேண்டியிருந்தது. சிங்கப்பூரர்களை இழிவாக எழுதிய பிலிப்பைன்ஸ் தாதிக்கு (நர்ஸ்) 2015இல் 4 மாதச் சிறை. தன் கணக்கில் வேறு யாரோ எழுதிவிட்டதாக அவர் போலீஸிடம் பொய் சொன்னதும் குற்றச்சாட்டில் சேர்ந்தது. விசாரணைக்கு அழைத்தால் பதிவை மறுக்காதீர்கள். முடிந்தால் வாக்குமூலம் கொடுக்கும் முன் வக்கீலிடம் பேசுங்கள்.

பொய்ச் செய்திக்கு 2019 முதல் பொஃப்மா சட்டம். வாட்ஸ்அப் குழுவும் அதில் அடக்கம். பொய் என்று தெரிந்தே பரப்பிப் பொதுநலனுக்குக் கேடு செய்தால் 50,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தெரியாமல் பகிர்ந்திருந்தாலும் திருத்த உத்தரவு வரலாம். வந்தால் பதிவை அழித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. உத்தரவில் உள்ள திருத்தக் குறிப்பை அதில் சொன்னபடியே போட வேண்டும். இதற்கெல்லாம் முன்பே மனிதவள அமைச்சு பாஸை ரத்து செய்யலாம். நடைமுறையில் பெரிய பயம் அதுதான்.

இங்கிருந்து டொராண்டோ, லண்டன் என்று மாறுபவர்களுக்கு: கனடாவின் உரிமைச் சாசனம் 2ஆம் பிரிவில் ‘எல்லோருக்கும்’ என்றே சொல்கிறது; விசாவில் இருப்பவரும் அதில் வருவார். பிரிட்டனிலும் பேச்சுரிமை எல்லோருக்கும் உண்டு. ஆனால் விடுதலைப் புலிகள் அங்கே 2001 முதல் தடைசெய்யப்பட்ட அமைப்பு. மாவீரர் நாளானாலும் ஊர்வலமானாலும், பொது இடத்தில் புலிக்கொடி பிடித்தால் 2000ஆம் ஆண்டு பயங்கரவாதச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் வழக்கு வரலாம். 6 மாதம் வரை சிறை.