மின்சாரக் காருக்கு டயர் வாங்கும்போது சுமை எண்ணைப் பாருங்கள்

மின்சாரக் காருக்கு டயர் மாற்றும்போது டயரில் உள்ள ‘இவி’ (மின்சார வாகனம்) என்ற எழுத்துக்காக மட்டும் கூடுதல் ரிங்கிட் கொடுக்கத் தேவையில்லை. அளவுக்கு அடுத்து வரும் சுமை எண் (டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான குறியீடு) காருடன் வந்த டயரில் இருந்ததைவிடக் குறையாமல் இருந்தால் சரி. டெஸ்லா மாடல் 3-க்கு வரும் 235/45 ஆர்18 அளவிலேயே 94-உம் உண்டு, 98 எக்ஸ்எல்-உம் (கூடுதல் சுமை தாங்கும் வகை) உண்டு. முதலாவது ஒரு டயருக்கு 670 கிலோ தாங்கும், மற்றது 750. பேட்டரி எடையோடு ஐந்து பேரும் ஏறி, வெயிலில் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு நெடுஞ்சாலையில் போனால், 94-இன் பக்கச் சுவர் கூடுதலாக மடங்கிச் சூடேறும். “சைஸ் ஒண்ணுதான் பாஸ்” என்று கடையில் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்: 1525 என்றால் 2025-இன் 15ஆம் வாரம்.

பழைய டயருக்குள் இரைச்சலைக் குறைக்கும் ஃபோம் ஒட்டியிருந்தால் இந்தக் கணக்கு மட்டும் போதாது. ஃபோம் இல்லாத சாதாரண டயரில் இரைச்சல் கூடும். ஆனால் அதில் பஞ்சர் ஒட்டுவது என்னவோ சுலபம்.