பாய்மரப் படகின் சொற்கள்: காகிதமும் பென்சிலும் எடுங்கள்

படகு ஓட்டப் புதிதாகப் பழகுபவர்களைக் காற்றைவிட அதிகம் குழப்புபவை சொற்கள்தான். பட்டியலை மனப்பாடம் செய்வது வீண். ஒரு படம் வரைந்துகொண்டே படித்தால் தானாக ஒட்டிக்கொள்ளும்.

1. படகை வரையுங்கள். மேலிருந்து பார்ப்பது போல, ஒரு முனை கூராகவும் மறுமுனை தட்டையாகவும் இருக்கட்டும். கூரான முன்பக்கம் அணியம். 'பௌ' என்றும் சொல்வார்கள். பின்பக்கம் 'ஸ்டெர்ன்'. திசை திருப்பும் சுக்கான் அங்கேதான் இருக்கும். நடுவில் ஒரு புள்ளி வைத்தால் அது பாய்மரம். (கம்பம்தான் பாய்மரம், துணிக்குப் பெயர் பாய்.) அங்கிருந்து பின்னோக்கி ஒரு கோடு இழுங்கள். பாயின் கீழ்விளிம்பைத் தாங்கும் அந்தக் கட்டைதான் 'பூம்'.

2. பக்கங்களைக் குறியுங்கள். அணியத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் போர்ட், வலப்பக்கம் ஸ்டார்போர்ட். இடது, வலது என்றே சொன்னால் என்ன? எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவருக்கு 'இடது' ஒன்றாக இருக்காதே! பழைய ஐரோப்பியக் கப்பல்களில் திசைதிருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்தது. ஸ்டார்போர்ட் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. இடப்பக்கத்தை முன்பு 'லார்போர்ட்' என்றார்கள். காற்றிரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். பிரிட்டிஷ் கடற்படை 1844இல் அதைக் கைவிட்டு 'போர்ட்' என்றே சொல்ல உத்தரவிட்டது. இரவு விளக்கு போர்ட்டில் சிவப்பு, ஸ்டார்போர்டில் பச்சை.

3. காற்றுக்கு ஓர் அம்பு போடுங்கள். இதுதான் முக்கியமான படி. காற்றுக்கு அது புறப்படும் திசையை வைத்தே பெயர். தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை என்கிறோமே, அதே கணக்கு. காற்று வந்து மோதும் பக்கம் 'விண்ட்வர்ட்', மறுபக்கம் 'லீவர்ட்'. பூம் எப்போதும் லீவர்ட் பக்கமே சாய்ந்திருக்கும். காற்று வரும் திசைக்கு இருபுறமும் சுமார் 45 பாகைக்குள் பாய் வெறுமனே படபடக்கும், படகு நகராது. அந்தத் திசைக்குப் போக வேண்டுமானால் வளைந்து வளைந்துதான் போக வேண்டும். அந்த வளைவுகளிலிருந்தே ஐந்தாம் படி வருகிறது.

4. கயிறுகள். 'ஷீட்' என்றால் துணி என்று நினைத்துவிடாதீர்கள். பாயை இழுத்துப் பிடிக்கவும் தளர்த்தவும் உதவும் கயிறு அது. பாயை மேலே ஏற்றும் கயிறு 'ஹேலியார்ட்'. ஆரம்பத்தில் ஒருமுறை "ஷீட்டைத் தளர்த்து" என்றார்கள், நான் ஹேலியார்டை அவிழ்த்துவிட்டேன். முழுப் பாயும் எங்கள் தலைமேல் இறங்கியது.

5. திருப்பங்கள். அணியம் காற்றைக் கடந்து திரும்பினால் 'டேக்'. பின்பக்கம் கடந்தால் 'ஜைப்'. இரண்டிலும் பூம் மறுபக்கம் போகும். ஜைப்பில் மட்டும் அது ஒரே வீச்சாகப் பாயும், மண்டையைப் பிளக்கும் வேகத்தில். "ஜைப்" என்று குரல் கேட்டால் முதலில் குனியுங்கள், அர்த்தம் அப்புறம் யோசிக்கலாம்.

6. வேகம். ஒரு 'நாட்' என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். "மணிக்கு ஐந்து நாட்" என்று சொல்லக் கூடாது. மணி அதிலேயே இருக்கிறது.

சரி, படத்துக்குத் திரும்புங்கள். ஒன்றையொன்று குறுக்கிடும் இரண்டு படகுகளை வரையுங்கள். ஒன்றுக்குப் போர்ட் பக்கத்திலிருந்து காற்று, மற்றதற்கு ஸ்டார்போர்டிலிருந்து. போர்ட் பக்கம் காற்று வாங்கும் படகுதான் வழிவிட வேண்டும். அது எது என்று பூமைப் பார்த்தே சொல்ல முடிகிறதா?