பயோசார் வச்சு தண்ணி, மண்ணுல இருக்கற கரிம மாசை குறைக்கறது எப்படி? (புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு)

பயோசார்னா மரம், சிரட்டை மாதிரி பொருளை காத்து அதிகம் படாம சூடு பண்ணி எடுக்கற கரி. அடுப்புல மிஞ்சுன கரியை தூளாக்கி தண்ணில போட்டா சுத்தமாயிடும்னு நெறைய பேரு நெனைக்கறாங்க, அது பெருசா ஒண்ணும் வேலை செய்யாதுங்க. கரியோட ஓட்டையெல்லாம் தாரும் சாம்பலும் அடைச்சுட்டு இருக்கும், அதை தெறந்து விடறதுதான் இங்க முக்கால்வாசி வேலை. தெறந்துட்டா பூச்சிமருந்து, சாயம், மருந்து மாத்திரையோட மிச்சம், எண்ணெய், விறகு எரியறப்ப வர்ற பி.ஏ.ஹெச்-ங்கற நச்சு மாதிரி கரிம மாசெல்லாம் கரி மேல போய் ஒட்டிக்கும். ஒட்டிக்கும்னுதான் சொல்றேன், அழிஞ்சுடும்னு சொல்லல, இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசில தேவைப்படும்.

இன்னொண்ணு, இது குடிதண்ணிக்கான ஃபில்டர் இல்ல. கிருமியை இது பாத்துக்காது, வீட்ல செஞ்ச கரிக்கு யாரும் கேரண்டியும் தர முடியாது. கத்துக்கவும், செடிக்கு விடற தண்ணி, தோட்டத்து மண்ணு மாதிரி வேலைக்கும் வச்சுக்கோங்க.

ஸ்டெப் 1: கரி போடறது

தேங்காய் சிரட்டை, காஞ்ச மரத்துண்டு, கடலைத்தோலு எதுவும் சரிதான். பெயின்ட் அடிச்ச மரம், பிளைவுட் மட்டும் வேணாம், அதுல இருக்கற விஷம் கரிக்கும் வந்துரும். மூடியில சின்னதா ரெண்டு மூணு ஓட்டை போட்ட ஸ்டீல் டப்பால இறுக்கமா நெரப்பி, நடுவுல வச்சு சுத்தி தீ போடுங்க (கால்வனைஸ்டு டப்பா கூடாது, துத்தநாகப் புகை வரும்). திறந்தவெளிலதான் செய்யணும், கார்பன் மோனாக்சைடு வெளிய வரும். கொஞ்ச நேரத்துல ஓட்டை வழியா புகை வந்து, அதுவே தீப்பிடிச்சு எரியும், அந்த ஜுவாலை தானா அடங்குனா உள்ள வர்ற வாயு முடிஞ்சுதுன்னு அர்த்தம். அடங்குன உடனே எடுத்துராம இன்னும் கொஞ்ச நேரம் நல்ல சூட்டுல விடுங்க, ஏன்னா கரிம மாசுக்கு 600 டிகிரி செல்சியஸ் பக்கம் வெந்த கரிதான் நல்லது, 300, 400ல நின்னுட்டா ஓட்டை கம்மி. அப்பறம் முழுசா ஆறட்டும், அவசரப்பட்டு தெறந்தா காத்து பட்டு மறுபடி பத்திக்கும்.

நல்லா வெந்திருக்கான்னு பாக்க கையில தேய்ச்சுப் பாருங்க. வெறும் தண்ணில கழுவுனா போயிடுச்சுன்னா சரி, பிசுபிசுன்னு சோப்பு கேட்டா தார் இன்னும் இருக்கு, திரும்ப சூடு பண்ணணும்.

ஸ்டெப் 2: ட்ரீட்மென்ட்

மூக்குல மாஸ்க் போட்டுக்கிட்டு 1, 2 மில்லிமீட்டர் சைஸ்ல ஒடச்சு சலிங்க. ரொம்ப பொடியா இருந்தா சீக்கிரம் ஒட்டும், ஆனா ஃபில்டர் அடைச்சுக்கும். வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து ஒரு ராத்திரி ஊறப் போட்டா சாம்பல் நெறைய கரைஞ்சு வந்துரும். அப்பறம் தண்ணி தெளிவா வர்ற வரைக்கும், பி.ஹெச் பேப்பர்ல 7 பக்கம் காட்டற வரைக்கும் அலசுங்க. பொறுமை வேணும் இதுக்கு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டு ஆக்டிவேட் பண்ற முறை இதைவிட பல மடங்கு பவர்தான், ஆனா அது தோலை, கண்ணை அரிச்சுடும், லேப் இல்லாம தொடாதீங்க.

கடைசியா பத்து நிமிஷம் தண்ணில கொதிக்க வைங்க. காஞ்ச கரிக்குள்ள காத்து நின்னுக்கிட்டு மெதக்கும், தண்ணியே உள்ள போகாதப்ப மாசு எங்க போகும்?

ஸ்டெப் 3: டெஸ்ட்

மூணு கண்ணாடி பாட்டில்ல ஒரே அளவு தண்ணி, ஒரே அளவு மெத்திலீன் ப்ளூங்கற நீலச் சாயச் சொட்டு. ஒண்ணுல எதுவும் வேணாம், ஒண்ணுல கழுவாத கரி ஒரு ஸ்பூன், இன்னொண்ணுல ட்ரீட் பண்ண கரி ஒரு ஸ்பூன். அப்பப்ப குலுக்கி விட்டு ஒரு நாள் கழிச்சு வெள்ளைப் பேப்பரை பின்னாடி வச்சு பாருங்க, வித்தியாசம் தெரியும். ஆனா நீலம் போயிடுச்சுன்னு எல்லா மாசும் போயிடும்னு எடுத்துக்காதீங்க, இந்த சாயத்துக்கு பாசிடிவ் சார்ஜ், கரி மேல பெரும்பாலும் நெகடிவ், அதனால ஈஸியா ஒட்டுது, ஒவ்வொரு பூச்சிமருந்தும் அப்படி இல்ல.

ஸ்டெப் 4: தண்ணிக்கு

அடி வெட்டுன பாட்டிலை தலைகீழா வச்சு பஞ்சு, மணல், கரி, மேல திரும்ப மணல். தண்ணியை சொட்டு சொட்டா விடுங்க, வேகமா ஊத்துனா ஒட்ட நேரமே கெடைக்காது. கலங்கல் தண்ணியா இருந்தா மொதல்ல தெளிய வைங்க, இல்லன்னா மக்குன இலைதழைல இருந்து வர்ற பழுப்புச் சாறே ஓட்டையெல்லாம் புடிச்சுக்கும்.

ஸ்டெப் 5: மண்ணுக்கு

எடைல 2 சதவீதம் போட்டு ஆரம்பிங்க. ஒரு சதுர மீட்டர்ல 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணு சுமாரா 130 கிலோ வரும், அப்ப கரி 2.6 கிலோ. ஈரமாவே தூவி நல்லா கொத்தி கலந்து சில வாரம் விடுங்க. இங்கதான் முன்ன சொன்னது வருது: லேப்ல மொத்த அளவை டெஸ்ட் பண்ணா மாசு அப்படியே காட்டலாம், கொறையறது செடியும் மண்புழுவும் எடுத்துக்கற அளவுதான். அதே காரணத்தால பின்னாடி நீங்க களைக்கொல்லி அடிச்சா அதையும் கரி புடிச்சு வச்சுக்கும், மருந்து வேலை செய்யலன்னு டோஸை ஏத்திடாதீங்க.

ஃபில்டர்ல போட்ட கரி ஒரு கட்டத்துல நெறஞ்சிடும், அப்ப சாயத் தண்ணி நிறத்தோடவே வெளிய வரும். அந்தக் கரியை உரக்குழில கொட்டாதீங்க, அடுப்புலயும் போடாதீங்க, புடிச்சதெல்லாம் அதுலதான் இருக்கு. மூடி போட்ட டப்பால லேபிள் ஒட்டி வச்சு, அபாயக் கழிவு வாங்கற எடத்துல குடுத்துருங்க.