பவுலிங் மன்றத்தின் மாதக் கூடலை நடத்துவது எப்படி

பொழுதுபோக்கிற்காக மாதம் ஒருமுறை கூடிப் பந்து உருட்டும் பவுலிங் மன்றம் ஒன்றின் செயலாளர் பொறுப்பை யாராவது உங்கள் தலையில் கட்டிவிட்டால், முதல் கூடலைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. புதுமைக்காகவே எல்லாரும் வந்துவிடுவார்கள். கவலைப்பட வேண்டியது நான்காவது கூடலைப் பற்றித்தான். நன்றாக ஆடுபவர் எப்படியும் வருவார். ஒரு ஆட்டத்தில் 80 புள்ளியைத் தாண்டவே திணறுபவர் எதற்காக மறுபடியும் வர வேண்டும் என்ற கேள்விக்கு உங்கள் ஏற்பாட்டில் விடை இருக்க வேண்டும். தேதி குறிப்பது முதல் முடிவுகளை எழுதி அனுப்புவது வரை, இங்கே சொல்லப்படும் எல்லாமே அந்த உறுப்பினரை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை.

தேதியை மாதாமாதம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். இருபது பேரிடம் எந்த நாள் வசதி என்று கேட்டால் இருபத்தைந்து பதில்கள் வரும், அவற்றைச் சமரசம் செய்வதற்குள் மாதம் முடிந்துவிடும். இரண்டாம் சனிக்கிழமை மாலை என்பதைப்போல ஒரு நாளை ஆண்டு முழுவதற்கும் நிலையாக வைத்துவிட்டால், வர முடியாதவர் மட்டும் சொன்னால் போதும். வருகிறவர்களின் எண்ணிக்கையை ஐந்து நாள்களுக்கு முன்பே உறுதி செய்துகொண்டு, அதற்கேற்பப் பவுலிங் கூடத்தில் லேன்களை, அதாவது பந்து உருட்டும் தடங்களை, முன்பதிவு செய்யுங்கள். அவை அடுத்தடுத்த லேன்களாக இருக்க வேண்டும் என்பதைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். ஒருவர் ஒரு ஆட்டத்தை முடிக்கச் சுமார் பத்து நிமிடம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொண்டால், ஒரு லேனுக்கு நான்கு பேர், ஆளுக்கு மூன்று ஆட்டம் என்பது இரண்டு மணி நேரம். ஐந்தாவது ஆளைச் சேர்த்தால் செலவு குறையும் என்று தோன்றும். ஆனால் தம் முறை வருவதற்குள் ஒவ்வொருவரும் கைப்பேசியில் மூழ்கிவிடுவார்கள்.

யாரை எந்த லேனில் போடுவது என்பதில் நான் தொடக்கத்தில் ஒரு பெரும் தவறு செய்தேன். சமபலம் உள்ளவர்கள் சேர்ந்து ஆடினால் சுவையாக இருக்கும் என்று எண்ணி, நன்றாக ஆடும் நால்வரை ஒரு லேனிலும் புதியவர்கள் நால்வரை அடுத்த லேனிலும் வைத்தேன். லேன் முனையில் நிற்கும் பின்கள் என்ற பத்துக் கட்டைகளையும் முதல் பந்திலேயே வீழ்த்துவது ஸ்ட்ரைக். ஒரு பக்கம் ஸ்ட்ரைக்குக்கு ஸ்ட்ரைக் கைதட்டல் எழுந்தது. மறுபக்கம் பந்து ஓரப்பள்ளத்தில் விழும் ஓசை மட்டும் கேட்டது. புதியவர்களுக்கு எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்று சொல்லித்தரப் பக்கத்தில் ஆள் இல்லை. அடுத்த மாதம் அந்த நால்வரில் ஒருவர்தான் வந்தார். அதன்பின், சராசரிப் பட்டியலில் முதலாமவரோடு கடைசியாளரையும் இரண்டாமவரோடு கடைசிக்கு முந்தையவரையும் இணைத்து, அப்படி இரண்டு இணைகளை ஒரு லேனில் வைப்பதையே வழக்கமாக்கிக்கொண்டேன். கணவன் மனைவி, நெருங்கிய நண்பர்கள் ஆகியோரைப் பிரித்துப் போட்டால் முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள்.

ஆனால் கலந்து உட்கார வைப்பது மட்டும் போதாது, வெல்வதற்கும் வாய்ப்பு வேண்டும். அதைத் தருவது ஹேண்டிகேப் என்ற கணக்கு. இதைச் சரியாகப் புரிந்துகொண்ட செயலாளருக்குப் பாதி வேலை முடிந்தது. ஒருவர் ஆடிய ஆட்டங்களின் மொத்தப் புள்ளிகளை ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டால் கிடைப்பது அவருடைய சராசரி. மன்றத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரரின் சராசரியைவிடக் கூடுதலான ஒரு எண்ணை, பெரும்பாலும் 200 அல்லது 220ஐ, அடிப்படையாகக் கொண்டு, அதிலிருந்து ஒருவரின் சராசரியைக் கழித்து, வரும் விடையில் 90 விழுக்காட்டை அவருக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் கூட்டித் தருகிறோம். புதியவர் ஒருவர் முதல் நாளில் 104, 117 என்று இரண்டு ஆட்டங்கள் ஆடினார் என்றால், மொத்தம் 221, சராசரி 110. அடிப்படை 200 என்றால் வித்தியாசம் 90, அதில் 90 விழுக்காடு 81. சராசரி 165 உள்ளவருக்கு இதே கணக்கில் 31 கிடைக்கும். அடுத்த மாதம் புதியவர் 121 அடித்து, பழையவர் 160 அடித்தால், 202க்கு 191 என்ற கணக்கில் புதியவர் வெல்கிறார். திரையில் 39 புள்ளி பின்தங்கி நின்றவரின் பெயரை வெற்றியாளராக வாசிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால், இந்தக் கூட்டல் கழித்தல் எல்லாம் எதற்காக என்பது விளங்கிவிடும்.

முழு வித்தியாசத்தையும் தந்துவிடாமல் 90 விழுக்காட்டோடு நிறுத்துவது ஏன் என்று நல்ல ஆட்டக்காரர்களே கேட்பதுண்டு. மேற்கண்ட இருவரும் சரியாகத் தத்தம் சராசரியையே அடித்தால், பழையவருக்கு 196, புதியவருக்கு 191 வரும். அந்த ஐந்து புள்ளி, பழகித் தேர்ந்ததற்கு நாம் செய்யும் மரியாதை. நூறு விழுக்காடு தந்தால் தேர்ச்சிக்குப் பொருளே இல்லாமல் போகும். எழுபது, எண்பது என்று குறைத்தால் மறுபடியும் அதே இரண்டு பேர்தான் மாதாமாதம் வெல்வார்கள். அடிப்படை எண்ணைவிட உயர்ந்த சராசரியோடு யாராவது வந்து சேர்ந்தால், அவருக்கு ஹேண்டிகேப் சுழியம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கழிக்க வேண்டாம். சராசரியைக் கடைசிப் பன்னிரண்டு ஆட்டங்களுக்கு மட்டும் கணக்கிடுவது நல்லது. இரண்டு ஆண்டுக்கு முன் தட்டுத் தடுமாறிய ஒருவரின் பழைய எண்களை இன்னும் சுமந்துகொண்டிருந்தால், இன்று தேறிவிட்ட அவருக்குத் தேவையற்ற சலுகை கிடைக்கும். சராசரியைத் தாழ்த்திக்கொள்வதற்காகவே வேண்டுமென்று மோசமாக ஆடுகிறவர்களும் எங்கும் உண்டு. ஒரே மாதத்தில் ஒருவரின் புள்ளி பாதியாகச் சரிந்தால் அந்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று முன்பே விதி எழுதிவைத்துவிட்டால், யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட வேண்டியிருக்காது.

மாலையின் மூன்று ஆட்டங்களில் முதல் இரண்டை வழக்கமான ஆட்டங்களாகவும் மூன்றாவதை மாதத்திற்கு ஒரு விதமான வேடிக்கை ஆட்டமாகவும் வைப்பது என் பரிந்துரை. முதல் பந்தில் ஒன்பது பின்கள் விழுந்தாலே ஸ்ட்ரைக் என்று கொள்வது ஒரு வகை. பல கூடங்களின் கணினித் திரையிலேயே அதற்கான வசதி இருக்கும், முன்கூட்டியே கேட்டுவையுங்கள். இருவர் சேர்ந்து ஒரே ஆட்டத்தை மாறி மாறி உருட்டுவது இன்னொரு வகை. இதில் முதல் பந்தைத் தேர்ந்தவர் போட்டு, எஞ்சிய ஒற்றைப் பின்னைப் புதியவர் இரண்டாம் பந்தில் வீழ்த்தி ஸ்பேர் ஆக்கும்போது, அந்த ஸ்பேரில் பாதிப் பங்கு அவருடையது என்பதை யாரும் மறுக்க முடியாது. பாதி ஆட்டங்களே ஆடப்படுவதால் நேரமும் பாதிதான் ஆகும். மிஞ்சும் நேரத்தை முடிவு அறிவிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேர் கொண்ட குழு ஒரே ஆட்டத்தைப் பகிர்ந்து ஆடும் பேக்கர் முறையும் உண்டு. ஒரு ஆட்டத்தில் ஃப்ரேம் எனப்படும் பத்துச் சுற்றுகள் உண்டு. முதலாமவர் 1ஆம் 6ஆம் ஃப்ரேம்கள், இரண்டாமவர் 2ஆம் 7ஆம் ஃப்ரேம்கள் என்று போய், ஐந்தாமவர் 5ஆம் 10ஆம் ஃப்ரேம்களை ஆடுவார். அந்த மாதம் மட்டும் ஒரு லேனுக்கு ஐந்து பேரை வைக்கலாம், பத்தாவது ஃப்ரேமில் நிற்பவர் யார் என்பதைக் குழுவே முடிவு செய்யட்டும். இந்த வேடிக்கை ஆட்டங்களின் புள்ளிகளை எக்காரணம் கொண்டும் சராசரியில் சேர்த்துவிடாதீர்கள். ஒருமுறை சேர்த்தால் ஹேண்டிகேப் பட்டியலே குழம்பிவிடும்.

முதன்முறை வருபவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பந்தின் மேல் பொறித்திருக்கும் எண் அதன் எடையைப் பவுண்டில் சொல்கிறது. விதிப்படி 16 பவுண்டுக்கு மேல் பந்து கிடையாது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது தோராயமான அளவுகோல்தான், அதைவிட முக்கியம் துளைகளின் பொருத்தம். நடுவிரலும் மோதிரவிரலும் இரண்டாம் கணு வரை நுழைய வேண்டும். கட்டைவிரல் இறுகாமலும் தொளதொளக்காமலும் வழுக்கி வெளியே வர வேண்டும். கட்டைவிரல் சிக்கும் பந்தை எடுத்தவர், அது கையை விட்டுப் போகாமல் தாமும் கூடவே இழுபட்டுப் போவார். பந்து திரும்பி வரும் இடத்தில் பந்துகளுக்கு இடையே விரல் வைக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லுங்கள்: உள்ளிருந்து வேகமாக வரும் பந்து, நிற்கும் பந்தோடு மோதும்போது நடுவில் இருக்கும் விரல் நசுங்கும். வருகிற பந்துக்கு எதிர்ப்புறமாக அல்லாமல், இருபக்கத்திலும் உள்ளங்கைகளை வைத்து இரு கைகளாலும் தூக்க வேண்டும்.

அடுத்தது பார்வை. லேனின் தொடக்கத்தில் உள்ள ஃபவுல் கோட்டிலிருந்து முன்னணிப் பின் வரை 60 அடி. புதியவர்கள் அத்தனையையும் தாண்டிப் பின்களையே முறைத்துப் பார்த்து உருட்டுவார்கள். கோட்டிலிருந்து சுமார் 15 அடி தொலைவில் லேனின் மேல் ஏழு அம்புக்குறிகள் இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் அந்தக் குறிகளில் ஒன்றைப் பார்த்து உருட்டச் சொல்லுங்கள். நேர்ப்பந்து போடுபவருக்கு நடுக் குறியோ அதற்கு அடுத்ததோ போதும். இந்த ஒரு மாற்றத்தாலேயே பாதிப் பந்துகள் ஓரப்பள்ளத்திலிருந்து தப்பிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

புள்ளிக் கணக்கைக் கருவி போட்டுவிடுவதால் பலருக்கு அது எப்படி வருகிறது என்றே தெரிவதில்லை. தெரியாதவருக்குத் திரை ஒரு புதிர். ஸ்ட்ரைக் என்றால் பத்தோடு அடுத்த இரண்டு பந்துகளின் பின்கள் சேரும், ஸ்பேர் என்றால் பத்தோடு அடுத்த ஒரு பந்து சேரும். முதல் ஃப்ரேமில் ஸ்ட்ரைக், இரண்டாவதில் 7, பிறகு மீதி 3ஐயும் வீழ்த்தி ஸ்பேர், மூன்றாவதின் முதல் பந்தில் 4 என்றால், முதல் ஃப்ரேமுக்கு 20, இரண்டாவதுக்கு 14, ஆக 34. இதைச் சொல்லித்தந்த பிறகு, எஞ்சிய ஒரு பின்னைக் குறிவைப்பதில் புதியவர்களுக்கு அக்கறை வந்துவிடும்.

ஒழுங்குமுறைகள் சிலவே. பக்கத்து லேன்களில் இருவர் ஒரே நேரத்தில் தயாரானால் வலப்புறம் இருப்பவர் முதலில் போட வேண்டும். பின்களைத் துடைக்கும் தடுப்பு மேலே போகும் வரை உருட்டக் கூடாது. ஃபவுல் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்தப் பந்துக்குப் புள்ளி இல்லை என்பதைவிடப் பெரிய காரணம், கோட்டுக்கு அப்பால் லேனின் முன்பகுதியில் பூசியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய். அது காலணியில் ஒட்டி, நடந்து வரும் தளத்திற்கு வந்துவிட்டால், அடுத்து வருபவர் வழுக்கி விழுவார். ஈரமான காலணி இதற்கு நேர்மாறு: சறுக்க வேண்டிய கால் சட்டென்று பிடித்துக்கொண்டு ஆளைக் குப்புறத் தள்ளும். கையில் குடிக்கும் நீரோடு யாரும் அந்தத் தளத்தில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், வராதவருக்குத் திருப்பித் தருவதில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

கூடல் முடிந்த மறுநாளே முடிவுக் குறிப்பு எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும். பலர் இதை ஒரு பட்டியலாக அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். ஹேண்டிகேப் சேர்த்து வென்றவர், சேர்க்காமல் அதிகம் அடித்தவர், தம் சராசரியை அதிகம் தாண்டியவர் ஆகிய மூவரின் பெயர்களும் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் குறிப்பை உயிருள்ளதாக ஆக்குவது நான்காவதாக நீங்கள் சேர்க்கும் ஒரு வரிதான். ஒரு மாதம் எங்கள் மன்றத்தில் ஒருவர் மொத்தம் 68 மட்டுமே அடித்தார். பத்தாவது ஃப்ரேமில், பின்வரிசையின் ஓரத்தில் தனியாக நின்ற பத்தாம் எண் பின்னை மெதுவாக உருண்டு வந்த அவருடைய பந்து தொட்டும் தொடாமலும் உரசியது. அந்தப் பின் இரண்டு முறை ஆடி, நின்றுவிடும் என்று எல்லாரும் நினைத்த நேரத்தில் சாய்ந்தது. அதைக் குறிப்பில் அப்படியே எழுதினேன். இத்தகைய வரிகளுக்காக ஆட்டத்தின்போதே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் புள்ளிகள் கிடைக்கும், இவை கிடைக்கா.

ஆண்டின் கடைசிக் கூடலில் புதிய செயலாளரைத் தேர்ந்தெடுப்பதோடு, ஹேண்டிகேப்பின் அடிப்படை எண்ணை மாற்ற வேண்டுமா என்பதையும் பேசி முடித்துவிடுங்கள். நடு ஆண்டில் மாற்றினால் சண்டை வரும். சராசரிப் பட்டியலை மட்டும் ஒவ்வொரு மாதமும் முடிவுக் குறிப்பை அனுப்புவதற்கு முன்பே திருத்தி, அடுத்த மாத ஹேண்டிகேப்பை ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எழுதி அதே குறிப்பின் அடியில் சேர்த்துவிடுங்கள். தம் பெயருக்கு நேரே இருக்கும் எண்ணைப் பார்த்து, அடுத்த முறை எவ்வளவு அடித்தால் யாரை வெல்லலாம் என்று அவரவர் அன்றே கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள்.