மான் வேட்டைக்கு வேகத் துவக்கு: சன்னம் தெரிவு செய்வதும் வீட்டில் ரவை நிரப்புவதும்

ஒன்ராறியோவுக்கு வந்து மான் வேட்டைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் துவக்குக் கடையில் முதலில் தடுமாறுவது சொற்களில்தான். ஊரில் தோட்டா என்று சொன்னால் எல்லாம் அதற்குள் அடக்கம். இங்கே அதை நாலாகப் பிரித்துப் பேசுவார்கள்: குழலை விட்டுப் பறக்கும் சன்னம், பித்தளைக் கோது, அதற்குள் இருக்கும் வெடிமருந்து, அடியில் தீப்பொறி கொடுக்கும் பிறைமர். நாலும் சேர்ந்ததுதான் முழு ரவை. கடையில் போய் "புல்லட்" கேட்டால் வெறும் சன்னப் பெட்டியை எடுத்து நீட்டுவார்கள். சுடுவதற்கு வேண்டுமென்றால் "அமோ" என்று கேளுங்கள்.

கடதாசி வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துவக்கு வைத்திருக்கவும் ரவை வாங்கவும் 'பால்' (PAL) என்று எல்லோரும் சொல்லும் துவக்கு உரிமம் வேண்டும். அதற்குப் பாதுகாப்பு வகுப்பு, எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை உண்டு. இரண்டிலும் 80 விழுக்காடு எடுக்க வேண்டும். முதல் முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. குடியுரிமை இல்லாதவரும் விண்ணப்பிக்கலாம். வேட்டைக்கு இது மட்டும் போதாது. வேட்டைக் கல்வி வகுப்பு, அவுட்டோர்ஸ் கார்ட் என்ற அடையாள அட்டை, மான் உரிமம் ஆகியவை தனி. ஒன்ராறியோ வாசி என்ற கணக்கில் உரிமம் எடுக்க, விண்ணப்பத்துக்கு முந்திய 12 மாதத்துக்குள் தொடர்ந்து ஆறு மாதமாவது இங்கே வசித்திருக்க வேண்டும். இன்னொன்று: தென் ஒன்ராறியோவின் பல வேட்டைப் பிரிவுகளில் மானுக்கு றைபிளே கூடாது, ஷொட்கன், வாய்வழியாக மருந்து நிரப்பும் துவக்கு, வில் போன்றவைதான். நீங்கள் போகப்போகும் பிரிவின் எண்ணைப் பார்க்காமல் றைபிள் வாங்க வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். வேகத் துவக்கு என்று இங்கே சொல்வது சன்னத்தை நொடிக்கு 3,000 அடி அளவில் அனுப்பும் றைபிளை. புதியவர்கள் பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகத்தைப் பார்த்துத்தான் ரவை வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது மானில் படும்போது சன்னத்துக்கு என்ன வேகம் இருக்கும் என்பதை.

.270 வின்செஸ்ரரை எடுத்துக்கொள்ளுங்கள். 1925 இல் வந்த ரவை, இன்றும் மான் வேட்டைக்காரரின் செல்லப்பிள்ளை. 130 கிரெயின் சன்னம் குழல் வாயை விட்டுப் போகும்போது வேகம் நொடிக்கு 3,060 அடி அளவில் இருக்கும். (ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 15.4 கிரெயின், சன்னம், மருந்து இரண்டுமே இங்கே கிரெயினில்தான் நிறுக்கப்படும்.) அதே சன்னம் 300 யார் (கெஜம்) போய்ச் சேரும்போது வேகம் 2,300 அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் இங்கத்தைய காட்டில் மான் உங்களுக்கு 300 யாரில் நிற்காது. மரங்களுக்கிடையில் 40, 50 யாரில் திடீரென்று நிற்கும். அந்தத் தூரத்தில் சன்னம் கிட்டத்தட்ட முழு வேகத்தோடு தோள் எலும்பில் மோதும்.

சாதாரணச் சன்னம் என்பது மெல்லிய செப்பு உறைக்குள் ஈயம் அடைத்தது. முழு வேகத்தில் எலும்பில் பட்டால் உறை ஒருபக்கம், ஈயம் ஒருபக்கம் என்று பிரிந்து, தோளிலேயே சிதறிவிடக்கூடும். சிதறினால் வெளியே பெரிய காயம், உள்ளே நுரையீரல் வரை ஒன்றும் போயிருக்காது. மான் ஓடிவிடும், இரத்தத் தடமும் இராது. எடுத்தாலும் முன்தோள் இறைச்சி முழுக்க இரத்தம் கட்டி வீணாகும். அதே சன்னம் 250 யாரில் பட்டிருந்தால் முன்நுனி காளான்போல் அழகாக மலர்ந்து வேலையை முடித்திருக்கும். சன்னத்தில் பிழையில்லை, தூரத்துக்கும் வேகத்துக்கும் பொருந்தாததைப் போட்டதுதான் பிழை.

இது பழைய பிரச்சினை. 1946 இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு காய்ந்த தோலோடு நின்ற மூஸ் என்ற பெரிய மான் ஒன்றை, பின்னாளில் நொஸ்லர் சன்னக் கம்பனியைத் தொடங்கிய ஜோன் நொஸ்லர் .300 மக்னம் என்ற வேக ரவை ஒன்றால் சுட்டபோது, சன்னங்கள் மேலேயே உடைந்துபோயின. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் பார்ட்டிசன் சன்னம். நடுவில் ஒரு செப்புச் சுவர். முன்பாதி மலர்ந்து தேய்ந்தாலும் பின்பாதி அப்படியே உள்ளே போகும். இப்போதும் விற்கிறது.

அதற்குப் பின் வந்தவை இரண்டு வகை. ஒன்று, ஈயத்தை உறையோடு ஒட்டவைத்த 'பொண்டட்' சன்னம். நொஸ்லர் அக்யுபொண்ட், ஃபெடரல் ஃபியூஷன் போன்றவை. மற்றது ஈயமே இல்லாத முழுச் செம்பு. 1989 இல் பார்ன்ஸ் கம்பனியின் எக்ஸ் சன்னம் வந்ததோடு இது பரவியது; அதன் இன்றைய வடிவம் டி.டி.எஸ்.எக்ஸ். செம்புச் சன்னம் பெரும்பாலும் எடை குறையாமல் மறுபக்கம் வெளியே வந்துவிடும். ஆனால் முழுச் செம்பு மலர வேகம் வேண்டும். படும் வேகம் 1,800 – 2,000 அடிக்குக் கீழே போனால் ஊசி குத்தியதுபோல் போய்விடும். வேகத் துவக்கில் அந்தக் கவலை அநேகமாக இல்லை.

செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதனால் ஒரே எடையில் செம்புச் சன்னம் நீளமாக இருக்கும், நிலையாகச் சுழல குழலின் உள்வரிகளின் முறுக்கு போதாமல் போகலாம். ஆகவே செம்புக்கு மாறும்போது எடையில் ஒரு படி கீழே இறங்குங்கள். ஈயத்தில் 130 போட்டவர் செம்பில் 110 போடலாம், .243 இல் 100 போட்டவர் 80 போடலாம். எடை குறைந்துவிட்டதே என்று பயப்பட ஒன்றுமில்லை, உடையாத 110, உடைகிற 130 ஐவிட ஆழமாகப் போகும்.

எங்கள் தெரிவைக் கேட்டால்: .243 க்கு 95 – 100 கிரெயின் பார்ட்டிசன் அல்லது பொண்டட்; .270 க்கு 130 பொண்டட் அல்லது 110 – 130 செம்பு, 7 மி.மீ. ரெமிங்டன் மக்னத்துக்கு 150 – 160 பொண்டட் அல்லது 140 செம்பு. 6.5 கிறீட்மூர், .308 வைத்திருப்பவர்கள் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. 2,700 – 2,800 அடி வேகத்தில் சாதாரணச் சன்னமே நன்றாக நடக்கும். வார்மின்ட் (சிறு பிராணிக்கானது) என்று எழுதிய பெட்டி, மாட்ச் (இலக்குப் போட்டிக்கானது) என்று எழுதிய பெட்டி, முழு உறை போட்ட இராணுவ வகை ஆகிய மூன்றையும் மானுக்கு வாங்க வேண்டாம்.

வீட்டில் சின்னப் பிள்ளைகளோ கர்ப்பிணியோ இருந்தால் செம்புதான் எங்கள் முதல் சொல். சிதறிய ஈயத் துகள் பல்லில் தட்டுப்படாத அளவுக்குச் சிறியது. எக்ஸ்ரே எடுத்தால்தான் இறைச்சியில் தெரியும். ஈயச் சன்னத்தால் சுட்டால் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள்.

வீட்டில் ரவை நிரப்புவது

முதல் இரண்டு சீசனுக்குக் கடை ரவையே போதும். சுட்ட வெறுங்கோதுகளை மட்டும் சேர்த்து வையுங்கள். காசு மிச்சமாகும் என்று நினைத்து இதில் இறங்கினால் ஏமாற்றம்தான். உங்கள் குழலுக்குப் பிடித்த சன்னத்தை நீங்களே தெரிவு செய்யலாம் என்பதுதான் இதன் இலாபம்.

மருந்தின் அளவு எதையும் இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. அதை மருந்துக் கம்பனி அல்லது சன்னக் கம்பனி வெளியிட்ட புதிய கைநூலில் இருந்துதான் எடுக்க வேண்டும், நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதிலிருந்து அல்ல. .270 க்கான உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 65,000 இறாத்தல். அது உங்கள் கன்னத்துக்கு ஒரு சாணுக்குள் நடக்கிறது.

முதலில் கோதைச் சோதியுங்கள். அடிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அந்தக் கோது பிளக்கப் போகிறது. சந்தேகமென்றால் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கிபோல் வளைத்து, கோதுக்குள் விட்டு சுவரை மேலும் கீழுமாகத் தடவுங்கள். பள்ளம் கொக்கியில் தட்டினால் எறியுங்கள். தேறிய கோதுக்கு மெல்லிதாக எண்ணெய் பூசி 'டை' என்ற உருக்கு அச்சில் விட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எண்ணெய் குறைந்தால் கோது உள்ளே சிக்கும். கூடினால் கோதின் தோள்பகுதியில் (கழுத்துக்குக் கீழே சரியும் இடம்) குழி விழும். போல்ட் (கையால் இழுத்துத் திறக்கும் தாழ்) உள்ள துவக்குக்குத் தோளை அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு பின்தள்ளினால் போதும். டையைக் கடைசிவரை திருகி இறுக்கி ஒவ்வொரு முறையும் அதிகமாகத் தள்ளுவதால்தான் அந்தப் பளபள வளையம் வருகிறது.

அடுத்து நீளம். சுடச்சுடக் கோது நீளும். .270 க்கு உச்சம் 2.540 அங்குலம், தாண்டினால் 2.530 க்கு வெட்டுங்கள். நீண்ட கோதின் வாய் துவக்கின் தொண்டையில் நெருங்கிச் சன்னத்தை இறுக்கிப் பிடிக்கும், அழுத்தம் எகிறும். வெட்டிய பிறகு வாயின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் சீவிவிடுங்கள். பிறைமர் கோதின் அடிமட்டத்துக்குச் சற்று உள்ளே இருக்க வேண்டும். விரலால் தடவினால் மேடு தட்டக்கூடாது.

மருந்து நிறுக்கும் இடத்தில்தான் பெரிய விபத்துகள் பிறக்கின்றன. ஹொட்ஜ்டன் எச்4831, ஐ.எம்.ஆர். 4831 இரண்டும் வெவ்வேறு மருந்துகள். ஐ.எம்.ஆர். சற்று வேகமாக எரியும். எண் ஒன்றாக இருக்கிறதே என்று எச்4831 இன் அளவை ஐ.எம்.ஆருக்குப் போட்டால் அழுத்தம் எல்லை மீறலாம். 4350 இலும் இதே சிக்கல் உண்டு. ஆகவே மேசையில் ஒரே நேரத்தில் ஒரே டப்பா. வேலை முடிந்ததும் மிச்ச மருந்தை அதே டப்பாவில் கொட்டி மூடுங்கள். தராசை சோதனை எடையால் சரிபாருங்கள்; மின்விசிறிக் காற்றும் பக்கத்தில் வைத்த போனும் மின்தராசைக் குழப்பும். கைநூலின் தொடக்க அளவில் ஆரம்பித்து அரைக் கிரெயினாக ஏறுங்கள். தொடக்க அளவுக்குக் கீழேயும் போகவேண்டாம், மெதுவாக எரியும் மருந்து பெரிய கோதுக்குள் அரைகுறையாக இருப்பதும் ஆபத்தே. எல்லாக் கோதும் நிரம்பியதும் பலகையில் நிறுத்தி, டோர்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். மட்டம் ஒன்று வித்தியாசமாகத் தெரிந்தாலும் கொட்டித் திரும்ப நிறுங்கள்.

சன்னத்தை மாற்றினால் கணக்கும் மாறும். 130 கிரெயின் செம்பும் 130 கிரெயின் ஈயமும் எடையில் ஒன்று, நீளத்தில் வேறு. நீளமானது கோதுக்குள் கூடுதல் இடம் பிடித்து அழுத்தத்தை ஏற்றும். செம்புக்குச் செம்பு அட்டவணைதான். சன்னம் குழலின் வரிகளில் முட்டாமல் இருக்க வேண்டும். செம்புக்குப் பார்ன்ஸ் சொல்வது அங்குலத்தில் ஆயிரத்தில் ஐம்பது பங்கு இடைவெளியில் தொடங்கும்படி.

சுடும்போது போல்ட் திறக்க இறுகினாலோ, கோதின் அடியில் பளிச்சென்ற வட்டத் தழும்பு விழுந்தாலோ, பிறைமர் தட்டையாக நசிந்திருந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். மீதி ரவைகளைப் பிரித்து மருந்தைக் கொட்ட வேண்டும். "பரவாயில்லை, இன்னும் ஐந்துதானே" என்று சுட்டு முடிக்க வேண்டாம். சன்னத்தின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கைநூலைவிட அதிக வேகம் காட்டினாலும் அதே அர்த்தம்தான், சந்தோஷப்பட அதில் எதுவுமில்லை. பெட்டியில் சன்னம், மருந்து, அளவு, பிறைமர், திகதி எல்லாம் எழுதுங்கள்.

ஈயத்திலிருந்து செம்புக்கு மாறும்போது குழலைச் செப்புக் கறை போகக் கழுவிவிட்டுக் குறி பாருங்கள். .270 இல் 100 யாரில் ஒன்றரை அங்குலம் மேலே படவைத்தால் 200 யாரில் நேராகப் படும். மானின் நெஞ்சறை எட்டு அங்குல வட்டம் என்று வைத்தால், அதுவரை எங்கேயும் மேலே கீழே யோசிக்காமல் நடுவில் பிடிக்கலாம். குறியை யூலை வெயிலில் சரிசெய்துவிட்டு நவம்பர் குளிரில் நம்பிப் போகாதீர்கள். குளிரில் மருந்தின் வேகம் குறையும். எச்4350, எச்4831எஸ்சி, வார்கெட் போன்றவை குறைவாக ஆடும். போல்ட்டுக்குள் தடித்த எண்ணெய் இருந்தால் குளிரில் உறைந்து பிறைமரை அடிக்காமல் விட்டுவிடும், துடைத்துவிடுங்கள்.

கடைசியாக, ஊருக்குப் பறக்கும் முன் வேட்டை ஜக்கெற்றின் எல்லாப் பைகளையும் வெளியே இழுத்துப் பாருங்கள். மருந்தும் பிறைமரும் விமானத்தில் கொண்டு போகவே கூடாதவை. மறந்து கிடந்த ஒரேயொரு ரவை சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால், இந்திய ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு வரலாம். பயணத்துக்கும் வேட்டைக்கும் ஒரே பையைப் பாவிக்காதீர்கள்.